கொழுந்து லொறி செல்லசாமியின் தலைக்குள் நடந்தது

1999ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், என் தந்தை கந்தப்பன் செல்லசாமி மதுபோதையில் தோட்ட லொறியைச் செலுத்தினார் என்று வெண்பாறைத் தோட்ட நிர்வாகம் எழுத்தில் பதிந்துள்ளது. அந்தப் பதிவு இன்றுவரை நீக்கப்படவில்லை. தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குக் குடிக்கும் வழக்கம் இருந்ததில்லை. கோயில் திருவிழாவில் யாராவது கிளாசை நீட்டினால் மரியாதைக்காக வாங்கி உதட்டில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். ஆகவே அவருக்கு உண்மையில் நேர்ந்ததை, அவரை அறியாதவர்களும் விளங்கிக்கொள்ளும்படி, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

நான் அவருடைய ஒரே மகள், நிலக்ஷி. தோட்டப் பாடசாலையோடு படிப்பு நின்றது. தாய்மார் மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். மருத்துவம் பற்றி இங்கே நான் சொல்பவை டொக்டர் சொல்லக் கேட்டவையும், பிற்பாடு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து அறிந்தவையுமாகும். பிழை இருந்தால் அது என்னுடையது.

வெண்பாறை, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவிலிருந்து ஏறும் பாதையில், நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிறது. தந்தை அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, சிறு வயதிலேயே லொறி கழுவப் போய், கிளீனராகி, பின் டிரைவரானார். பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. காலையில் தூரத்து மலைகளுக்குப் பெண்களையும் அதே லொறியின் பின்புறத்தில்தான் ஏற்றிச் செல்வார். அது சட்டப்படி கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடந்துபோக வேண்டிய தூரத்தை நினைத்து யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. என் தாய் மீனம்மாவும் அந்த லொறியில் ஏறுபவர்களில் ஒருவர்.

மாற்றம் எப்போது தொடங்கியது என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த நோயின் கொடுமையே அதுதான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை. முதலில் அவருடைய நடை சுருங்கியது. பாதங்களைத் தூக்கி வைக்காமல், ஒட்டிக்கொண்டவை போலத் தரையில் தேய்த்து, சிறுசிறு எட்டுகளாக நடக்கலானார். அதை வாய்விட்டுச் சொன்னவர் வேலாயி அக்கா. கொழுந்து பறிப்பவர்களில் அவர் வாய்க்குத் தப்பியவர் எவருமில்லை.

“என்னா டிரைவர் அண்ணே, இப்புடித் தேச்சுத் தேச்சு நடக்குறீங்க? ரோட்டுல காசு ஏதும் கெடக்கா?”

முன்பெல்லாம் அப்படி யாராவது சீண்டினால் தந்தை ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். அன்று ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். இரண்டு வளைவுகள் தாண்டிய பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “காசெல்லாம் இல்ல, வேலாயி,” என்றார். பின்னால் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் விளையாட்டு இல்லை என்பதை அம்மா பார்த்துவிட்டார்.

பிறகு சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் லொறியைப் பாதையோரத்தில் நிறுத்திவிட்டு ஓட வேண்டியதாயிற்று. காரணமில்லாமல் கண் கலங்கினார். மாலையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தால், யாராவது எழுப்பும்வரை உட்கார்ந்தே இருந்தார். ஆயினும் எதையும் மறக்கவில்லை. பழைய லொறிகளின் இலக்கங்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார். அதனால் மூளையில் கோளாறு என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை.

“ஆளு இருக்காரு, புள்ள. உள்ள இருந்து யாரோ கொஞ்சங்கொஞ்சமா எடுத்துக்கிட்டுப் போறாங்க,” என்று அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார். பூசாரியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவந்தார். அதன் பின் காலையில் லொறி கிளம்பும் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்ப்பேன். அதில் அம்மா இருப்பார், ஓட்டுபவர் அப்பா. குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுக்கொண்டே, அது திரும்பி வரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த ஆவணியில் மழை விடாமல் பெய்து கீழ்ப்பாதையில் மண் சரிந்தது. காவல்காரர் லொறியை மறித்து, மேல்பாதையால் போகச் சொன்னார். அதற்கு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, சற்றுப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். தந்தை எத்தனையோ தடவை செய்த வேலை அது. அன்று வண்டியை நிறுத்தினார். அத்தோடு அவரும் நின்றுபோனார். அதன் பிறகு நடந்ததை அம்மாவும் வேலாயி அக்காவும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒன்றே.

வண்டி மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பின்னால் வளைவு, வளைவுக்குக் கீழே நீர்த்தேக்கம். திருப்புவதற்காக எடுக்கிறார் என்றுதான் பெண்கள் நினைத்தார்கள்.

“போதும்ண்ணே, போதும். நிப்பாட்டுங்க,” என்றார் வேலாயி அக்கா. வண்டி நிற்கவில்லை. அம்மா எழுந்து, டிரைவர் இருக்கைக்குப் பின்னாலுள்ள சிறு ஜன்னலில் பார்த்தார். தந்தை இரு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, மயங்கவில்லை. கண் திறந்திருந்தது. அம்மா பலகையில் ஓங்கி ஓங்கி அடித்தார். அவர் திரும்பவில்லை.

பின்சக்கரம் பாதையோரத்தில் மழைநீர் ஓட வெட்டிய கானில் இறங்கியதால் வண்டி சாய்ந்து நின்றது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்களே தவிர எவருக்கும் பெரிய காயமில்லை. வெட்டிய கான் அந்த இடத்தோடு முடிகிறது. அதற்குப் பின்னால் வெறும் புல்விளிம்புதான்.

மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தந்தை கீழே இறங்கி, கால் நிற்காமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்சட்டை நனைந்திருந்தது.

“என்னடா செல்லசாமி, காலையிலேயே ஏத்திட்டியா?”

“ஐயா, அவரு குடிக்கிற ஆளு இல்லீங்க. கிட்ட வந்து மோந்து பாருங்க,” என்றார் அம்மா.

“நீ சும்மா இரு. ஒம் புருசன் வாயத் தொறந்து சொல்லட்டும்.”

தந்தை வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கண்டாக்கு ஐயா சற்று நேரம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான், “நான் குடிக்கலீங்க, ஐயா,” என்ற பதில் வந்தது. அதைக் கேட்கக் கண்டாக்கு ஐயா அங்கே இல்லை.

தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னதுரை நடத்திய விசாரணையிலும் இதுவே நிகழ்ந்தது. குடித்தாயா என்று கேட்டார்கள். மௌனத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். முதற் கேள்விக்கான பதில் மூன்றாம் கேள்வியின்போது வந்தது. விசாரணை அறிக்கையின் பிரதியில் “பதிலளிக்கவில்லை” என்று மூன்று இடங்களில் இருக்கிறது. மூச்சைச் சோதித்ததாகவோ இரத்தம் எடுத்ததாகவோ ஓரிடத்திலும் இல்லை. தந்தையின் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மாயாண்டி அண்ணன் ஹட்டன் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்தார்.

நான் வேறொரு வழியில் போனேன். தோட்ட மருந்துக் காம்பராவில் அனுமதித் துண்டு வாங்கி, தந்தையைக் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். அம்மாவும் வந்தார். தலையை ஸ்கேன் செய்து படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை எங்களுக்கு விளக்கியவர் டொக்டர் றமணன், யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்னவர். முதலில் தந்தையின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“பிறஷருக்குக் குளிசை போடுறனீங்களோ, ஐயா?”

தந்தை நேரம் எடுத்தார். டொக்டர் காத்திருந்தார்.

“போடுறேங்க. ஒரு வாரம்கூடத் தப்புனதில்ல.”

“வாரமோ?”

அம்மா முன்னால் வந்தார். “ஞாயித்துக்கெழமையும் பௌர்ணமி போயா லீவும் நானே எடுத்துக் குடுத்துருவேங்க. மழைக்கி வேலை இல்லைன்னாலும் குடுப்பேன்.”

“மற்ற நாளிலை?”

“வேலை நாள்ல எதுக்குங்க ஐயா? வேலைக்குப் போறவரு சீக்காளி இல்லீங்களே.”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு விளங்காதது எங்களுக்கு விளங்கியிருந்தது. தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வேலையில் நின்றால் அந்த நாளுக்குச் சம்பளக் கணக்கில் ‘பேர்’ விழும். சுகமில்லை என்றால் மருந்துக் காம்பராவில் துண்டு வாங்க வேண்டும். மருந்தும் அந்தத் துண்டோடுதான் கைக்கு வரும். அன்று பேர் இல்லை. பேரும் மருந்தும் ஒரே நாளில் சேர்ந்ததை எங்கள் லயத்தில் எவரும் கண்டதில்லை. பேர் விழுந்த நாளில் மாத்திரை விழுங்குவது எங்களுக்குப் பொய் சொல்வது போன்றது. லைசன் புதுப்பிக்கப் போன இடத்தில் பிரஷர் இருப்பதாகச் சொல்லித் தினமும் போடும்படி மாத்திரை கொடுத்தார்கள். தினமும் என்பதை, சீக்காக இருக்கும் தினமெல்லாம் என்றே வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். தலைவலிகூட இல்லாத மனிதருக்கு அதற்கு மேல் என்ன தேவை?

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“பெரிய இரத்தக் குழாயள் எல்லாம் பரவாயில்லை, அம்மா. பிரச்சினை கடைசிக் கிளையளிலை. தலைமயிரிலும் மெல்லிய குழாயள். வருஷக் கணக்கிலை பிறஷர் அடிச்சு அதுகளின்ரை சுவர் தடிச்சு இறுகிப் போச்சு. உள்ளுக்கை இரத்தம் போக இடமில்லை. இஞ்சை பாருங்கோ, சின்னப் புள்ளியள். இதுகள் ஒவ்வொண்டும் ஒரு சின்னப் பாரிசவாதம். வந்ததே தெரியாமல் வந்து போயிருக்கு.”

நடுவில் இருபுறமும் புகை படிந்தது போன்ற மங்கலான கருமை பரவியிருந்தது. அதைக் காட்டி, அது என்ன என்று கேட்டேன்.

“மூளையின்ரை ஒரு பக்கம் மற்றப் பக்கத்தோடை கதைக்கிற பாதையள் அதுக்குள்ளாலை போகுது. அந்தப் பாதையள் பழுதாப் போச்சு. ஞாபகம் இருக்கும், கேட்டது விளங்கும், மறுமொழியும் தெரியும். ஆனால் ஒரு இடத்திலையிருந்து மற்ற இடத்துக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். சில நேரம் போய்ச் சேராது. நடை, பேச்சு, சலம் அடக்கேலாதது, எல்லாம் இதாலைதான்.”

“குணமாகுமா, ஐயா?”

“போனது போனதுதான். இனிமேல் ஒவ்வொரு நாளும் குளிசை போட்டு, உப்பைக் குறைச்சு, கருவாட்டை விட்டால், மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். ஒண்டு மட்டும் சொல்லுறன். இவர் இனி வாகனம் ஓடக் கூடாது.”

பிற்பாடு நான் படித்தவையும் அவர் சொன்னதையே உறுதி செய்தன. மிக நுண்ணிய குழாய்களின் சேதத்துக்கு இரத்த அழுத்தமே பெருங்காரணம் என்கிறார்கள். குழாய்ச் சுவரிலிருந்து கசிவு ஏற்பட்டு அருகிலுள்ள பகுதி கெடுவதாகவும் சிலர் கருதுகிறார்கள். முழு விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. அன்று எனக்கு இவை ஒன்றும் தெரியாது. அந்தக் கருமையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் என் தந்தை இருக்கிறார், வெளியே வரும் பாதைகள்தான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன என்பது மட்டும் விளங்கியது. உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி அவ்வளவு பயங்கரமான ஒன்றை நான் அதற்கு முன் நினைத்ததில்லை.

நாங்கள் திரும்பிய சில நாட்களில் மாயாண்டி அண்ணன் மகிழ்ச்சியோடு வந்தார்.

“தங்கச்சி, தேத்தண்ணி ஊத்து. அப்பாவுக்கு லொறி திரும்பக் கெடைக்குது.”

குடித்ததற்குச் சாட்சி இல்லாததால் நிர்வாகம் இறங்கி வந்திருந்தது. தண்டனை, எச்சரிக்கையோடு முடியும்; குடித்ததாக எழுதியதையும் விலக்கிக்கொள்வார்கள். தந்தை மறுபடியும் டிரைவராக வேலை ஏற்கலாம். ஹட்டனில் தொழில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டியதுதான் மிச்சம். நான் ஸ்கேன் படத்தை எடுத்துக் காட்டி, டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அண்ணனின் கிளாஸ் பாதியில் நின்றது.

“இத யாருகிட்டயாவது காட்டுனியா?”

“இல்லண்ணே.”

“அப்ப பெட்டிக்குள்ள வையி. இதக் காட்டுனா ஒடம்பு சரியில்லைன்னு ஒரேயடியா நிப்பாட்டிருவானுங்க. குடிகாரன்னு எழுதுனதும் அப்புடியே கெடக்கும். பேசிப் பேசி தொண்டை வத்தி வாங்கியாந்திருக்கேன், தங்கச்சி.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் படம் தந்தை குடிக்கவில்லை என்பதற்குச் சான்று. அவரை லொறியிலிருந்து இறக்குவதும் அதே படம்தான். தந்தை மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், யாரும் சொல்லாமலே, முகம் மழித்துக்கொண்டார். காக்கிச் சட்டையைத் தேடி எடுத்துத் தானே துவைத்தார். மாதக் கணக்கில் அவர் தாமாகச் செய்த முதற்காரியம் அது. அதைக் கண்டு மகிழ வேண்டிய நான் கதவைத் தாண்டி உள்ளே போகவில்லை. தினமும் மாத்திரை போடுகிறாரே, தேறிவிட்டாரோ என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். உடனே கான் முடியும் அந்தப் புல்விளிம்பு கண்ணுக்குள் வந்தது.

அம்மாவிடம் கேட்டேன். அவர் சட்டி கழுவிக்கொண்டே பேசினார்.

“நான் இனி அந்த லொறியில ஏற மாட்டேன், புள்ள. அவரு கண்ண அன்னைக்கிப் பாத்தவ நானு.”

“அப்ப மத்தவங்க?”

அவர் கை நின்றது. “அதத்தான் யோசிக்கிறேன். நான் ஏறாத வண்டியில வேலாயிய எப்புடி ஏத்துறது? அவளுக்கு ஒன்னும் தெரியாது. வந்து ஒக்காந்து அவரயே கேலி பண்ணிக்கிட்டுப் போவா.”

“அப்பாகிட்ட யாரு சொல்றது?”

“சொல்ல வேணாம். படத்தக் கொண்டாந்து அந்த ஹட்டன் ஐயாகிட்டக் குடு. ஒங்கப்பா என்னையத் திட்டட்டும்.”

ஹட்டனில் அன்று மேசைக்கு ஒரு பக்கம் சின்னதுரையும் தோட்டத்துப் பெரிய கிளார்க்கும். மறுபக்கம் மாயாண்டி அண்ணனும் தந்தையும். உதவிக்கென்று நான் பின்னால் உட்கார அனுமதித்தார்கள். படம் என் மடியில், உறைக்குள் இருந்தது. அதிகாரி சிங்களவர், கேள்விகளை மாயாண்டி அண்ணன் தமிழில் சொன்னார். கையெழுத்திடும் இடத்தை அதிகாரி காட்டிவிட்டு, வழக்கமான முறைக்காகக் கேட்டார்: மறுபடியும் லொறியைப் பொறுப்பேற்கச் சம்மதமா?

தந்தை பேனாவை எடுத்தார். பேசவில்லை. நான் உறையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சின்னதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்து, இப்படித்தான் இவர் எப்போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தந்தையைப் பார்த்துக் காத்திருந்தார்.

“வேணாங்க, மாத்தயா,” என்றார் தந்தை அதிகாரியிடம்.

மாயாண்டி அண்ணன் அவர் தோளைத் தொட்டார். “செல்லசாமி அண்ணே, அவரு லொறியத்தான் குடுக்குறேங்கிறாரு.”

“கேட்டுச்சு, மாயாண்டி.” மறுபடியும் நெடுநேரம். “பிரேக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கி மிதிக்கணும்னும் தெரியும். மீனா பலகையில அடிச்சது கேட்டுச்சு. கால எடுத்து வைக்கச் சொல்லிக்கிட்டே இருந்தேன். சொல்றவனுக்கும் காலுக்கும் நடுவுல யாரோ படுத்துத் தூங்குறாங்க. எழுப்ப முடியல.”

பேனாவை மேசையில் வைத்தார். அது வரைக்கும், நடந்தது அவருக்குத் தெரியாது என்றே நாங்கள் ஆறுதல் கொண்டிருந்தோம். வண்டி பின்னால் உருண்ட அந்த நேரம் முழுவதும், ஒவ்வொரு பெண்ணின் குரலையும் கேட்டபடி, அவர் விழித்தே இருந்திருக்கிறார்.

படத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் குறித்துக்கொண்டார். மாயாண்டி அண்ணன் பயந்தபடியே ஆயிற்று: நிர்வாகம் உடல்நிலையைக் காரணம் காட்டித் தந்தையை நீக்கியது. நோயாளி என்று ஒப்புக்கொண்டவர்கள், குடிகாரர் என்று எழுதியதை விலக்கிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றி ஒரே கோப்பில் இருக்கின்றன. நான் அனுப்பிய கடிதங்களுக்கு, கிடைத்தது என்ற பதில் மட்டும் வருகிறது. லொறிக்குக் கினிகத்தேனையிலிருந்து புது டிரைவர் வந்தார். அம்மாவும் வேலாயி அக்காவும் அதில் வேலைக்குப் போய்வந்தார்கள். இன்றும் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். தந்தை ஏழு ஆண்டுகள் மாத்திரை தவறாமல் வாழ்ந்து, மூளைக்குள் இன்னும் இரண்டு மூன்று புள்ளிகள் விழுந்து, 2006இல் காலமானார்.

அன்று ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ்ஸில் திரும்பினோம். தந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்திருந்தார். நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கியதும் பாதை வளைந்து வளைந்து இறங்கியது. பஸ் டிரைவர் வேகமாக ஓட்டினார். முதல் வளைவில் பஸ் சாய்ந்து, திரும்பி, நேரானது. அதன் பிறகு தந்தையின் வலது கால் எழுந்து, பிரேக்கை மிதிப்பது போலப் பஸ்ஸின் தரையை அழுத்தியது. அடுத்த வளைவும் வந்து போனது. அது கடந்த பிறகே கால் மீண்டும் அழுத்தியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அதைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்தது. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.